ஒரு முழம் முல்லை மொட்டு

"வேலை நடந்துக்கிட்டே இருக்குதுங் அம்மணி. ஆனா ஒண்ணும் முடிய மாட்டேங்குது" என்றார் ஆறுக்குட்டி.

மரகதம் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எருமையும் என்னைப் பத்தி அதையேதானுங்ணா சொல்லுது."

ஆறுக்குட்டிக்குக் கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி. மரகதத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு, இரண்டு எருமை. அவரைவிட அவள் நிறைய இளையவள்; அவருடைய கடைசித் தங்கச்சிக்கும் தங்கச்சி வயது. ஆனாலும் சந்தேகம் கேட்கக் காரைப் போட்டுக்கொண்டு வருகிறவர் அவர்தான்.

அவர் மட்டுமில்லை. ஊரில் பாதி மில் முதலாளிகள் அவள் வாசலில் புல்லுக்கட்டு சுமந்திருக்கிறார்கள். சுமந்தால்தான் அவள் வாயைத் திறப்பாள்.

ஒரு காலத்தில் அவள் பெரிய மில்லில் ஸ்டாப்வாட்சும் கையுமாகத் தொழிலாளிகளின் முதுகுக்குப் பின்னால் நின்றவள். யார் எத்தனை நேரம் வேலை செய்கிறார்கள், எத்தனை நேரம் மூக்கைச் சொறிகிறார்கள் என்று கணக்கெடுக்கிற உத்தியோகம். ஒருநாள் அந்த ஸ்டாப்வாட்சை நொய்யலில் வீசிவிட்டு நடந்துவிட்டாள். அதை விழுங்கிய கெண்டை மீன் அன்றிலிருந்து ஷிப்டு நேரத்தில் மட்டும்தான் தூண்டிலைக் கடிக்கிறதாம். நம்பாதவர்கள் பேரூர்ப் படித்துறைப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

"பம்பு ஒண்ணு செய்ய எத்தனை நேரமாகுமுங்ணா?" என்று கேட்டாள்.

"கைபட்டு வேலை நடக்கற நேரத்தை மட்டும் பாத்தா, ஒரு பகல் பொழுது."

"கேட்டைத் தாண்டி வெளிய போக?"

ஆறுக்குட்டி எருமையைப் பார்த்தார். எருமையும் அவர் பதிலுக்காகக் காத்திருப்பது போலத்தான் தெரிந்தது.

"ஒண்ணரை மாசம். சில சமயம் அதுக்கும் மேல."

"ஒரு பகல் போக மிச்ச நாளெல்லாம் அது எங்கீங் போகுது? பழனிக்கு நடந்து போய்ட்டு வருதுங்ளா?"

"அதுக்குத்தானுங் புது லேத்து வாங்கினேன். பழசை விட ரெண்டு மடங்கு வேகம்."

"வாங்கி?"

"லேத்துக்கு முன்னாடி இருக்கற குவியல் போதாதுன்னு இப்ப லேத்துக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்குது."

மரகதம் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன குவியலுங்?"

"காஸ்டிங்குங்க. இரும்பை உருக்கி மண் அச்சுல ஊத்தி எடுப்போமில்லீங், பம்போட உடம்பு, அது. ஒவ்வொரு பகுதி முன்னாடியும் ஒரு குவியல் இருக்கும். இருக்கோணும். தரை தெரியக் கூடாதுங்கறது என்ற உத்தரவு."

"அது எதுக்கு?"

"எங்கப்பன் சோளம் அளக்கறப்ப களத்தை வழிச்சு அள்ள மாட்டாருங். அடியில ஒரு குவியல் விட்டுட்டுத்தான் சாக்கைக் கட்டுவாரு. களத்துல தரை தெரிஞ்சா லட்சுமி எந்திரிச்சுப் போயிருவாங்கோ."

"ம்" என்றாள் மரகதம். மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள்.

அந்த "ம்" ஆறுக்குட்டிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொல்ல வந்ததை இன்னும் அவர் சொல்லவில்லை.

"நேத்து நஞ்சப்பன் வந்தானுங்."

"யாருங் அது?"

"பெட்டதாபுரத்துல வாழை போட்டிருக்கறான். என்ற மொத பம்பை வாங்கினவன். அது இத்தனை வருசம் ஓடி இப்பத்தான் ஓய்ஞ்சுது. இந்தக் கோடைக்கு வேற ஒண்ணு வேணும்னு சொல்லி வெச்சிருந்தான். நேத்து வந்து வேண்டாம்னுட்டான்."

"ஏனாம்?"

"கோடை மழையே வந்துருச்சாம். 'ஆறுக்குட்டி பம்பை நம்பறதுக்கு ஆகாசத்தை நம்பலாம் போல இருக்குது'ன்னான்."

மரகதம் வாய்விட்டுச் சிரித்தாள். ஆறுக்குட்டி சிரிக்கவில்லை.

"கோடவுன் கட்டறவங்க கம்பெனி எடத்தை வெலைக்குக் கேக்கறாங்க அம்மணி. ஆயுத பூஜைக்குள்ள பதில் சொல்றதா சொல்லியிருக்கறேன். மொத பம்பை வாங்கினவனே போயிட்டான். இனி யாருக்குன்னு கம்பெனி நடத்தறதுங்?"

எருமை ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"அந்த மொத பம்பு எப்படிங்ணா போச்சு?" என்று கேட்டாள் மரகதம்.

அதுவரை தொங்கிக்கொண்டிருந்த ஆறுக்குட்டியின் முகம் கொஞ்சம் மேலே ஏறியது.

"அப்ப ஒரே ஒரு தகர ஷெட்டுங். நடுவுல நின்னு கையை நீட்டினா உலையும் எட்டும், லேத்தும் எட்டும், தண்ணித் தொட்டியும் எட்டும். நானும் என்ற சம்சாரம் நாகமணியும் மட்டும்தான். ராத்திரி ஆறின அச்சு மண்ணைக் காலையில அவதான் உடைப்பா. காஸ்டிங் வெளிய வந்ததும் தலையில இருந்து ஒரு முழம் முல்லை மொட்டை எடுத்து அதோட கழுத்துல சுத்துவா. 'பொறந்த வீட்டை விட்டுப் போற புள்ளை, வெறுங்கழுத்தோட போலாமா'ம்பா."

"பூவோடவா லேத்துல ஏத்துவீங்க?"

"ஏத்தறப்பக் கழட்டி ஆணியில மாட்டுவோம். எறக்கினதும் மறுபடியும் சுத்துவோம். சாயங்காலம் நஞ்சப்பன் மாட்டு வண்டியில பம்பை ஏத்தறப்ப மொட்டு விரிஞ்சிருக்கும். வண்டி ஒண்டிப்புதூரைத் தாண்டற வரைக்கும் ஷெட்டுல வாசம் நின்னுச்சுங்."

வண்டி பெட்டதாபுரம் போனது ஒண்டிப்புதூர் வழியாக இல்லை. அது நேர் எதிர்த்திசை. இருந்தாலும் வாசம் எந்த வழியாக வேண்டுமானாலும் போகலாம் என்று மரகதம் விட்டுவிட்டாள்.

"மறுநா நஞ்சப்பன் வந்து சண்டைக்கு நின்னான். 'உன்ற பொண்டாட்டி பூவை என்ற பொண்டாட்டி எடுத்து வெச்சுக்கிட்டாளப்பா. இனி பம்பு வாங்கறப்பெல்லாம் பூவும் வேணுமாம். நான் எங்க போறது?'"

ஆறுக்குட்டி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நாகமணி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன.

மரகதம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு முழம் மொட்டு வாங்குங்க. நாளைக்கு மண்ணை உடைச்சதும் ஒரு காஸ்டிங் கழுத்துல சுத்துங்க. அது பம்பாகி கேட்டைத் தாண்டற அன்னைக்கு, அந்தப் பூவை எடுத்துக்கிட்டு இங்க வாங்க."

"அவ்வளவுதானுங்ளா?"

"அந்தப் புல்லுக்கட்டை அப்படித் தள்ளிப் போட்டுட்டுப் போங்க."

*

ஆனி மாதம் ஆறுக்குட்டி வந்தார். கையை விரித்தார்.

உள்ளங்கையில் வாழைநார் கிடந்தது. அதில் அங்கங்கே முடிச்சு.

மரகதம் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதுங்ணா பூ?"

"நார் மட்டும்தானுங் வந்து சேந்துச்சு."

"பூ?"

"வாடிக் கொட்டிப் போச்சாம். லேத்துக்கு முன்னாடி குவியல்ல கெடந்தப்பப் பாதி. டிரில்லிங்குக்கு முன்னாடி குவியல்ல மீதி. பெயிண்டுக்கு வர்றப்ப இதான் இருந்துச்சாம்."

"லேத்துல எத்தனை நேரம் இருந்துச்சுங்?"

"நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள எறக்கிட்டாங்களாம்."

"பம்பு ஒண்ணும் வாடலீங்ளே?"

"அது இரும்புங் அம்மணி."

"அதான், வாடாதுங்கற தைரியம்" என்றாள் மரகதம். நாரை எருமைக்கு முன்னால் போட்டாள். எருமை மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அடுத்த தடவை பூவோட வாங்க."

*

ஆறுக்குட்டி கம்பெனிக்குப் போனதும் மேனேஜர் ஜெயசீலனைக் கூப்பிட்டார்.

ஜெயசீலன் சுறுசுறுப்பானவன். உத்தரவு முழுதாக வாயிலிருந்து வருவதற்குள் பாதியை நிறைவேற்றிவிடுவான்.

"கண்ணு, நாளையில இருந்து மண்ணை உடைச்சதும் ஒவ்வொரு காஸ்டிங்குக்கும் ஒரு முழம் பூ. கேட்டைத் தாண்டறப்பப் பூ வாடியிருக்கக் கூடாது."

"முடிச்சிடலாம் சார்."

"எப்படி முடிப்ப?"

"முடிச்சிடலாம் சார்."

ஆவணியில் ஒரு சாயங்காலம் கேட்டருகே ஜெயசீலன் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு முழம் முல்லை. அப்போதுதான் விரிந்தது.

"முதல் நாள் பூ சுத்தின காஸ்டிங் சார். பம்பாகி இப்பத்தான் வண்டி ஏறுச்சு."

ஆறுக்குட்டி அதை வாங்கி முகர்ந்தார்.

தகர ஷெட்டு திரும்பி வந்தது. உலைச் சூடு வந்தது. மண் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே நாகமணி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. என்ன பாட்டென்று அன்றைக்கும் அவருக்குப் பிடிபட்டதில்லை. அவளுக்கு ராகம் வராது.

இந்த மயக்கத்தில் அவர் வேறெதையும் கேட்கவில்லை. நேராக மலையடிவாரத்துக்குக் காரை விட்டார். சொல்லாமலேயே இரண்டு புல்லுக்கட்டைத் தூக்கிப் போட்டார்.

மரகதம் பூவை முகர்ந்தாள்.

"நல்ல வாசமுங்ணா."

"சொன்னேனில்லீங்!"

"காஸ்டிங் கழுத்துல இதை எப்பச் சுத்துனீங்க?"

ஆறுக்குட்டி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. மறு கை முடிந்தது. மறுபடியும் முதல் கைக்கு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஆனியில..."

"ஆனி மாச மொட்டு, ஆவணியில விரியுது" என்றாள் மரகதம். "இனி நீங்க பம்பை விட்டுட்டுப் பூவே செய்யலாமுங்ணா. சீமைக்கெல்லாம் போகும்."

*

மறுநாள் ஆறுக்குட்டி கம்பெனிக்குள் நடந்தார். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நடந்து போய் வருஷக்கணக்காகியிருந்தது.

ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு மேசை. மேசைமேல் ஈரத்துணி. துணிக்குள் பூ. மேசைக்குப் பின்னால் சீருடை போட்ட ஓர் ஆள்.

"இதென்ன கண்ணு?"

"பூ மாற்றும் பகுதி சார்" என்றான் ஜெயசீலன். "தினமும் காலையில பழசைக் கழட்டிட்டுப் புதுசு சுத்துவாங்க. ஒரு காஸ்டிங்கூட வாடின பூவோட நிக்கறதில்லை."

"அப்புறம் அந்த ஃப்ரிட்ஜு?"

"ஞாயித்துக்கிழமைக்கான பூ சார். சந்தை லீவு."

"இவரு யாரு?"

"பூ இன்ஸ்பெக்டர். இவரு பாத்து சரின்னு சொன்னாத்தான் காஸ்டிங் அடுத்த பகுதிக்கு நகரும். பூ வண்டி லேட்டா வந்தா மட்டும் கொஞ்சம் நிக்கும்."

"அப்ப முன்னைய விட..."

"கொஞ்சம் கூடியிருக்கு சார். ஆனா பூ வாடறது சுத்தமா நின்னுடுச்சு."

மேலே ஏதோ ரீங்காரம் கேட்டது. ஆறுக்குட்டி அண்ணாந்து பார்த்தார். கிரேன் உத்தரத்தில் ஒரு பானை அளவுக்குத் தேன்கூடு தொங்கியது.

"அது போன மாசம் வந்துச்சு சார். ஸ்டோர்ஸ்ல இதுவரைக்கும் மூணு தடவை தேன் எடுத்துட்டாங்க."

ஆறுக்குட்டி திரும்பி நடந்தார். கார்க் கதவை அவர் சாத்தியதில் வாட்ச்மேனின் தொப்பி விழுந்தது.

*

"ஏமாத்திப் போட்டானுங்க அம்மணி!"

"யாரை?"

"என்னையத்தான். எல்லாருஞ் சேந்து!"

"நீங்க அவங்ககிட்ட என்னன்னுங் சொன்னீங்க?"

"பூ வாடாம வரோணும்னு."

"வாடாமத்தானுங்ளே வந்துச்சு?"

ஆறுக்குட்டி ஒரு புல்லுக்கட்டைத் தூக்கினார். எங்கே போடுவதென்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டே நின்றார்.

மரகதம் எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள்.

"உங்க கம்பெனியில ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருக்கறது எதுங்ணா?"

"தெரியாதுங்."

"கண்டுபுடிங்க. அதுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க."

"உக்காந்து?"

"என்ன ஏதுன்னு கேளுங்க."

"இரும்புகிட்டயா?"

"நான் எருமைகிட்டப் பேசறதில்லீங்ளா? இதுவாவது நடுவுல தலையாட்டும். இரும்பு அமைதியா கேக்கும்."

"ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானுங் இருக்குது. கோடவுன்காரங்க வந்துருவாங்க."

"அப்ப இங்க நின்னுக்கிட்டு இருக்கீங்களே" என்றாள் மரகதம்.

*

ரொம்ப நாளாகக் காத்திருப்பது எது?

ஜெயசீலன் கம்ப்யூட்டரில் பார்த்தான். எல்லாம் இந்த வருஷத்துச் சரக்கு என்றது கம்ப்யூட்டர்.

ஆறுக்குட்டி வேட்டியை மடித்துக் கட்டினார். லேத்துக்கு முன்னாலிருந்த குவியலின் அருகே போனார். கம்பெனியிலேயே பழைய குவியல் அதுதான். உச்சியில் ஏறி நின்றால் மருதமலைக் கோபுரம் தெரியும் என்று சொல்வார்கள். ஏறிப் பார்த்தவர்கள் அப்படியே கும்பிட்டுவிட்டு இறங்கியதும் உண்டு. ஆயுத பூஜை வரும். கம்பெனியே கழுவித் துடைத்துப் பளபளக்கும். இந்தக் குவியலுக்கு மட்டும் மேலாகச் சந்தனம் தெளித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு காஸ்டிங்கை அணைத்துத் தூக்கினார். ஓரமாக வைத்தார். அடுத்ததைத் தூக்கினார்.

"சார், விடுங்க சார், ஆளுங்க இருக்காங்க!"

"அப்ப வரச் சொல்லு."

ஆட்கள் வந்தார்கள். குவியல் இறங்கியது.

மேலே இருந்ததெல்லாம் புதுசு. நேற்று வந்து, இன்று லேத்துக்குப் போகப் போகிறவை. அதற்குக் கீழே போன மாதத்தவை. அதற்கும் கீழே போகப் போக நிறம் மாறியது. காக்கைக் கூடு ஒன்று வந்தது. ரிட்டயரான ஸ்டோர்கீப்பரின் மூக்குக்கண்ணாடி வந்தது. ஒரு டிபன் பாக்ஸ் வந்தது. யாரும் திறக்கத் துணியவில்லை. எப்போதோ நடந்து முடிந்த ஒரு தேர்தலின் தட்டி வந்தது. அதில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர் தோற்றுப்போனவர்.

"மேல வெச்சதை மேலயே எடுத்துப்போம் சார்" என்றார் லேத்துக்காரர். "அடிக்கு ஏன் போறோம்? அடி தொடக் கூடாதுன்னு உங்க உத்தரவு."

ஆறுக்குட்டி அவரைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

சூரியன் மேற்கே சாய்ந்தபோது கடைசி அடுக்கு வந்தது.

"சார்" என்றான் ஜெயசீலன். "இன்னும் எடுத்தா தரை தெரிஞ்சிடும் சார்."

ஆறுக்குட்டி எடுத்தார்.

தரை தெரிந்தது.

சிமெண்டு இல்லை. கருத்து இறுகிய மண் தரை. அங்கங்கே உலைக்கரி. ஒரு மூலையில், கூரையைத் தாங்கிய மூங்கில் நட்ட குழி. அந்தக் குழியை அவர் கை தோண்டியிருந்தது.

தகர ஷெட்டின் தரை. கம்பெனி அதைச் சுற்றிலும் வளர்ந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

தரையில் ஒரே ஒரு காஸ்டிங் இருந்தது. பழைய அச்சில் வார்த்தது. துருவேறிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அதன் கழுத்தில் வாழைநார் ஒன்று சுற்றியிருந்தது. அங்கங்கே முடிச்சு.

ஆறுக்குட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசியாக நாகமணி கம்பெனிக்கு வந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. பாதி உடம்பாகியிருந்தாள். காரிலிருந்து இறங்கவே ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் மண்ணை அவளேதான் உடைப்பேன் என்றாள். தலையிலிருந்து பூவை எடுத்தாள்.

அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாள்.

"அது எந்த ஊருக்குப் போச்சுங்?"

அவருக்குத் தெரியாது. அதற்குள் அவர் மாடிக் கண்ணாடி அறைக்குப் போய்விட்டிருந்தார்.

"பெட்டதாபுரத்துக்கு" என்றார்.

"நஞ்சப்பனண்ணன் சம்சாரம் பூ வெச்சுக்கிட்டாங்களா?"

"வெச்சுக்கிட்டாங்க."

அவள் கண்ணை மூடிச் சிரித்தாள்.

ஆறுக்குட்டி துருவின்மேல் கையை வைத்தார். மரகதம் சொன்னபடி அதனிடம் எதையோ கேட்டார். என்ன கேட்டார் என்பது யார் காதிலும் விழவில்லை.

ஆட்கள் சுற்றி நின்றார்கள். தேனீக்கள்கூட அன்றைக்குக் கொஞ்சம் அடக்கித்தான் வாசித்தன என்று பின்னால் லேத்துக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் ஜெயசீலன்தான் மெல்லக் கேட்டான்.

"சார், லட்சுமி..."

"அவ எப்பவோ எந்திரிக்கப் பாத்திருக்கறா கண்ணு" என்றார் ஆறுக்குட்டி. "நாமதான் மேல மேல குவிச்சுட்டோம்."

*

மறுநாள் காலை அவரே போய்ப் பூ மார்க்கெட்டில் ஒரு முழம் மொட்டு வாங்கினார். பழைய நாரை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புதுசைச் சுற்றினார்.

கம்பியால் துருவைத் தேய்த்தார்கள். உள்ளே இரும்பு பிறந்த குழந்தை மாதிரி புதுசாக இருந்தது. காஸ்டிங் நகர்ந்தது. அவரும் கூடவே நகர்ந்தார்.

"சார், இது இன்னைக்கு லிஸ்டுல இல்லையே" என்றார் லேத்துக்காரர்.

"நானுந்தான் இல்லை. ஏத்துப்பா."

பூவை ஆணியில் மாட்டினார். இறக்கியதும் சுற்றினார்.

டிரில்லிங்கில் ஒரு குவியல் வரிசையில் நின்றது. ஆறுக்குட்டி குவியலைப் பார்த்தார். டிரில்லிங் ஆள் ஆறுக்குட்டியைப் பார்த்தார். குவியல் வழிவிட்டது.

பூ இன்ஸ்பெக்டர் சீருடையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"நான் பாத்து ஓகே..."

"போய்ச் சாப்புடு சாமி."

மத்தியானம் பெயிண்டு அடித்தார்கள். காய்கிற நேரத்தில் பழைய அச்சுக்கான உள்சக்கரத்தை ஸ்டோர்ஸில் தேடி எடுத்தார்கள். பூட்டினார்கள். தொட்டியில் இறக்கினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் அது ஒருமுறை இருமியது. பிறகு தண்ணீரை எடுத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் வீசியது. சுவருக்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப். அங்கே நின்றவர்கள் ஐப்பசி முன்கூட்டியே வந்துவிட்டதென்று குடை விரித்தார்கள்.

வண்டியில் ஏற்றினார்கள். ஆறுக்குட்டி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார்.

ஜெயசீலன் ஓடிவந்தான். "சார், பூ?"

ஆறுக்குட்டி எட்டிப் பின்னால் பார்த்தார். பம்பின் கழுத்தில் இரண்டு மொட்டு லேசாக வாயைத் திறந்திருந்தது.

"வண்டியை எடு" என்றார்.

*

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் மலையடிவாரத்துக்கு வந்தார்.

மரகதம் எருமைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். எருமை அதை நக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறுக்குட்டி புல்லுக்கட்டைத் தூக்கிப் போட்டார்.

"கோடவுன்காரங்க வந்தாங்களுங்ளா?"

"வந்தாங்க. எல்லாப் பகுதியிலும் தரை தெரியுது. அதைப் பாத்துட்டு நான் காலி பண்ணிட்டேன்னு நெனைச்சு சாவியக் கேட்டாங்கோ."

"குடுத்தீங்களா?"

"ஆளுக்கு ஒரு பாட்டில் தேன் குடுத்து அனுப்பிட்டேன்."

மரகதம் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள்.

"நஞ்சப்பன் பம்பை எடுத்துக்கிட்டாருங்ளா?"

"வேண்டாம்னு கதவைப் புடிச்சுக்கிட்டுத்தான் நின்னான். 'மழை வந்துருச்சுன்னு சொன்னேனில்ல'ன்னான். 'மழை போயிரும், கெணறு இருக்குமில்ல'ன்னேன். அப்புறம் வண்டியில எட்டிப் பாத்தான். வீட்டுக்குள்ள பாத்து சம்சாரத்தைக் கூப்புட்டான்."

மரகதம் கையை நீட்டினாள்.

"எங்கீங்ணா பூ?"

ஆறுக்குட்டி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை.

"அந்தம்மா வெச்சுக்கிட்டாங்க" என்றார்.